நிலத்தடி ஃபீடர்: கம்பியின் அளவையும் குழாயின் அளவையும் கணக்கிடும் முறை

பெரிய மின் இணைப்பு ஒன்றுக்கு நிலத்தடி ஃபீடர் வடிவமைக்கும் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும்போது, பலரும் குழாயிலிருந்து கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளம் எவ்வளவு அகலம், நான்கு அங்குலக் குழாய் எத்தனை என்று ஒப்பந்தக்காரர் முதலில் கேட்பதால், அந்தக் கேள்விக்கே முதலில் விடை சொல்ல மனம் பரபரக்கும். ஆனால் குழாயின் எண்ணிக்கை கம்பியைப் பொறுத்தது. கம்பியின் அளவு பிரேக்கரைப் பொறுத்தது. பிரேக்கர் சுமையைப் பொறுத்தது. எல்லாவற்றையும் முடித்த பிறகு, மண்ணின் வெப்பம் மொத்தக் கணக்கையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வைக்கும். இந்த வரிசையைக் கலைத்தால், பள்ளம் மூடப்பட்ட பிறகு ஒரு குழாய் குறைகிறது என்று தெரியவரும். அதைவிடச் செலவு வைக்கும் தவறு இந்தத் தொழிலில் அதிகம் இல்லை.

இந்தக் கட்டுரை அமெரிக்காவின் தேசிய மின் நெறிமுறையான என்.இ.சி.யைப் பின்பற்றுகிறது. நெறிமுறை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கு ஏற்ற பதிப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆகையால், வேலை நடக்கும் இடத்தில் எந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். கம்பிகளின் தாங்குதிறனைத் தரும் முதன்மை அட்டவணை இன்று 310.16 என்று அழைக்கப்படுகிறது. 2011 முதல் 2017 வரை வந்த பதிப்புகளில் அதே அட்டவணைக்கு வேறு எண் இருந்தது. பழைய வரைபடங்களைப் படிக்கும்போது இந்த மாற்றம் புதியவர்களைக் குழப்பக்கூடும்.

இன்னொரு சொல்லையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மின் நிறுவனத்தின் முனையிலிருந்து முதன்மைத் துண்டிப்பான் வரை வரும் கம்பிகள் சர்வீஸ் கம்பிகள். அந்தத் துண்டிப்பானுக்குப் பிறகு அடுத்த ஸ்விட்ச்போர்டு வரை செல்பவை ஃபீடர் கம்பிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் விதிகள் வேறுபடுகின்றன. குறிப்பாக, ஃபீடரில் ஒவ்வொரு பிளாஸ்டிக் குழாயிலும் தனி எர்த் கம்பி செல்ல வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் வரும் சர்வீஸ் கம்பிகளோடு அது செல்வதில்லை. எனவே வரைபடத்தில் கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

சுமையும் பிரேக்கரும்

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டுரை முழுவதும் கொண்டுசெல்வோம். மின்னழுத்தம் 480/277 வோல்ட், மூன்று ஃபேஸ், நான்கு கம்பி. சுமைக் கணக்கின்படி 900 ஆம்பியர் தொடர்ச்சுமை. 300 ஆம்பியர் விட்டுவிட்டு வரும் சுமை. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ இடைவிடாமல் ஓடக்கூடிய சுமையையே நெறிமுறை தொடர்ச்சுமை என்கிறது. கடையின் விளக்குகளும் குளிரூட்டிகளும் அந்த வகையில் வரக்கூடும். அவ்வப்போது ஓடும் லிஃப்ட் மோட்டார் வராது.

தொடர்ச்சுமையை 125 சதவீதமாகவும் மற்றதை 100 சதவீதமாகவும் எடுத்துக் கூட்ட வேண்டும். 900-ஐ 1.25-ஆல் பெருக்கினால் 1,125. அதோடு 300 சேர்ந்தால் 1,425 ஆம்பியர். நெறிமுறை பட்டியலிடும் நிலையான பிரேக்கர் அளவுகளில் 1,200-க்கு அடுத்தது 1,600. ஆகவே பிரேக்கர் 1,600 ஆம்பியர். நூறு சதவீதச் சுமையைத் தொடர்ந்து சுமக்கலாம் என்று பட்டியலிடப்பட்ட பிரேக்கரும் அதற்குரிய பெட்டியும் கிடைத்தால், அந்த 25 சதவீதக் கூடுதல் தேவையில்லை. எடுத்துக்காட்டில் 1,200 ஆம்பியர் பிரேக்கரே போதுமானதாகிவிடும். இந்த வாய்ப்பைப் பலரும் கேட்டுப் பார்ப்பதே இல்லை. நீளமான ஃபீடரில் இதனால் மிஞ்சும் தாமிரம், பிரேக்கரின் கூடுதல் விலையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும் என்பது என் அனுபவம். ஆனாலும் நாளை சுமை வளரும் என்ற எதிர்பார்ப்பு உள்ள இடத்தில் 1,600-ஐயே வைத்துக்கொள்வது சரி. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

ஃபேஸ் கம்பிகள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். 800 ஆம்பியர் வரையிலான பிரேக்கருக்கு நெறிமுறை ஒரு சலுகை தருகிறது: கம்பியின் தாங்குதிறன் நிலையான அளவோடு பொருந்தாவிட்டால், அடுத்த பெரிய பிரேக்கரைப் போட்டுக்கொள்ளலாம். சிறிய ஃபீடர்களில் பழகிய கை அந்தச் சலுகையை எல்லா இடத்திலும் எதிர்பார்க்கிறது. 800-க்கு மேல் அது கிடையாது. பிரேக்கர் 1,600 என்றால் கம்பிகளின் மொத்தத் தாங்குதிறன் 1,600-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுமை 1,425 தானே என்று வாதாட இடமில்லை.

1,600 ஆம்பியரை ஒரே கம்பியில் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு ஃபேஸுக்கும் பல கம்பிகளை இணையாகப் போட வேண்டும். இணையாகப் போடும் கம்பி 1/0 அளவுக்குக் குறையக் கூடாது (அமெரிக்க அளவுமுறையில் 1/0, 3/0, 4/0 என எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும்). எத்தனை இணை, எந்த அளவு என்பதைத் தீர்மானிக்க 310.16 அட்டவணையின் 75 பாகை செல்சியஸ் நிரலைப் பார்க்கிறோம். கம்பியின் காப்புறை 90 பாகை தாங்கினாலும், இந்த அளவு பிரேக்கர்களின் லக்குகள் (கம்பியைப் பூட்டும் முனைப்பிடிகள்) பொதுவாக 75 பாகைக்கே மதிப்பிடப்பட்டவை. சங்கிலியின் மெலிந்த கண்ணிதான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

அந்த நிரலில் தாமிரத்துக்கு 350 கே.சி.மில் (ஆயிரம் வட்ட மில், கம்பியின் குறுக்குப் பரப்பின் அலகு) கம்பி 310 ஆம்பியர், 400 கம்பி 335, 500 கம்பி 380, 600 கம்பி 420 தாங்கும். நான்கு இணையாக 500 போட்டால் 1,520 தான் வரும், போதாது. 'நாலு ஐந்நூறு போட்டால் ஆயிரத்து அறுநூறுக்குச் சரி' என்று வாய்மொழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 80 ஆம்பியர் குறைகிறது. ஆய்வாளர் அதைக் கண்டுபிடிப்பார், கண்டுபிடிக்கவும் வேண்டும். நான்கு இணையாக 600 போட்டால் 1,680, சரி. ஐந்து இணையாக 400 போட்டால் 1,675, அதுவும் சரி. ஐந்து இணையாக 350 போட்டால் 1,550, போதாது. அலுமினியம் என்றால் 400 கம்பி 270 ஆம்பியர் தாங்கும் என்பதால் ஆறு இணை 1,620 தரும். ஐந்து இணையாக 600 போட்டால் 1,700.

தேர்ந்தெடுக்கும் முன் ஒரு காரியத்தைச் செய்யுங்கள்: பிரேக்கரின் விவரத்தாளைத் திறந்து ஒரு ஃபேஸுக்கு எத்தனை லக் இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த அளவுக் கம்பியை ஏற்கும் என்று பாருங்கள். நான்கு லக் உள்ள பிரேக்கருக்கு ஐந்து இணை வடிவமைத்துவிட்டு, கடைசி வாரத்தில் கூடுதல் லக் தொகுப்புக்கு அலைவதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

இணைக் கம்பிகளுக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. ஒரே ஃபேஸைச் சேர்ந்த கம்பிகள் அனைத்தும் ஒரே நீளம், ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே வகைக் காப்புறை கொண்டவையாக, இரு முனைகளிலும் ஒரே முறையில் இணைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். நீளத்தைத்தான் பெரும்பாலும் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு வளாகத்தில், ஏற்கெனவே மண்ணில் கிடந்த ஒரு குழாயை வீணாக்க வேண்டாம் என்று ஐந்தாவது இணையை அதன் வழியாக இழுத்துவிட்டார்கள். புதிய நான்கு குழாய்களும் மின்மாற்றி மேடையைச் சுற்றி வந்தன. பழைய குழாய் நேராக வந்தது. சுமை ஏறிய பிறகு கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு கம்பியாக மாட்டிப் பார்த்தோம். நான்கு கம்பிகள் 200 ஆம்பியரை ஒட்டிக் காட்டின. குட்டையான ஐந்தாவது கம்பி 240-ஐத் தொட்டது. மின்னோட்டம் எதிர்ப்பு குறைந்த வழியைத் தேடிப் போகும். நாம் காகிதத்தில் ஐந்தால் வகுத்ததை அது மதிப்பதில்லை. அன்று சுமை குறைவாக இருந்ததால் எதுவும் எரியவில்லை. முழுச் சுமை வந்திருந்தால் அந்த ஒரு கம்பியின் உறைதான் முதலில் கருகியிருக்கும். மொத்த மின்னோட்டம் வரம்புக்குள் இருப்பதால் பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது.

நியூட்ரலை எண்ணுவதா, வேண்டாமா

சமநிலையான மூன்று ஃபேஸ் சுமையில் நியூட்ரலில் ஏறக்குறைய மின்னோட்டம் இராது. அப்போது அதை மின்னோட்டம் சுமக்கும் கம்பியாக எண்ண வேண்டியதில்லை. ஒரு குழாயில் மூன்று சுமக்கும் கம்பிகள். அட்டவணையின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுமையின் பெரும்பகுதி கணினிகள், எல்.இ.டி. ஓட்டிகள் போன்ற நேரியல் அல்லாத சுமையாக, அதாவது மின்னழுத்தத்தின் அலைவடிவைப் பின்பற்றாமல் மின்னோட்டம் இழுக்கும் சுமையாக இருந்தால், மூன்று ஃபேஸ்களின் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் நியூட்ரலில் வந்து கூடுகின்றன. அப்போது நியூட்ரலும் சுமக்கும் கம்பியே. நான்கு முதல் ஆறு வரை சுமக்கும் கம்பிகள் ஒரே குழாயில் இருந்தால் தாங்குதிறனை 80 சதவீதமாகக் குறைக்க வேண்டும்.

இந்தக் குறைப்பைக் காப்புறையின் 90 பாகை எண்ணிலிருந்து தொடங்கலாம் என்பது நெறிமுறை தரும் நியாயமான வசதி. இறுதி விடை 75 பாகை எண்ணைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. நிலத்தடிக் குழாயின் உட்புறம் ஈரமான இடமாகவே கருதப்படுகிறது என்பதால், ஈரத்திலும் 90 பாகை தாங்கும் டி.எச்.டபிள்யூ.என்-2 அல்லது எக்ஸ்.எச்.எச்.டபிள்யூ-2 உறையுள்ள கம்பியைக் குறிப்பிட்டால்தான் இந்த வசதி கிடைக்கும். வெறும் டி.எச்.எச்.என் என்று எழுதிவிட்டால் அது ஈரமான இடத்துக்கே உரியதல்ல.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 600 கம்பிக்கு 90 பாகையில் 475 ஆம்பியர்; அதில் 80 சதவீதம் 380; நான்கு இணைக்கு 1,520. சற்று முன் சரியாக இருந்த நான்கு இணை இப்போது விழுந்துவிட்டது. 400 கம்பிக்கு 380-இல் 80 சதவீதம் 304, ஐந்து இணைக்கு 1,520, அதுவும் விழுந்தது. 500 கம்பிக்கு 430-இல் 80 சதவீதம் 344, ஐந்து இணைக்கு 1,720, நிற்கிறது. நியூட்ரலை எண்ணுவதா என்ற ஒரே கேள்வி, பள்ளத்தில் ஒரு குழாயைக் கூட்டிவிட்டது. அதனால்தான் குழாயிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன்.

நம் எடுத்துக்காட்டில் சுமையின் பெரும்பகுதி நேரியல் அல்லாதது என்று கொள்வோம். எனவே ஐந்து இணை, ஒவ்வொன்றிலும் 500 கே.சி.மில் தாமிரக் கம்பி. நியூட்ரலும் அதே அளவு. நேரியல் சுமைகளில் நியூட்ரலைச் சிறிதாக்க விதிகள் வழிவிடுகின்றன. இத்தகைய சுமையில் அந்த வழியில் போகக் கூடாது.

எர்த் கம்பி

ஃபீடரின் எர்த் கம்பி பிரேக்கரின் அளவைக் கொண்டு 250.122 அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகிறது. தாமிரத்தில் 1,200 ஆம்பியருக்கு 3/0, 1,600-க்கு 4/0, 2,000-க்கு 250 கே.சி.மில். இங்கே உள்ள பொறி என்னவென்றால், ஐந்து குழாய்கள் இருந்தால் இந்த 4/0-ஐ ஐந்தாகப் பிரித்துவிட முடியாது. ஒவ்வொரு குழாயிலும் முழு 4/0 செல்ல வேண்டும். காரணம் எளிது: பழுது ஒரே ஒரு குழாய்க்குள் ஏற்படலாம், அந்தக் குழாயின் எர்த் கம்பி, 1,600 ஆம்பியர் பிரேக்கர் துண்டிக்கும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். மின்னழுத்த வீழ்ச்சிக்காக ஃபேஸ் கம்பியைப் பெரிதாக்கினால், எர்த் கம்பியும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மின்னழுத்த வீழ்ச்சி

ஃபீடரில் 3 சதவீதம், கடைசிச் சுமை வரை மொத்தம் 5 சதவீதம் என்பது நெறிமுறை பரிந்துரையாகச் சொல்வது. பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை. நம் ஃபீடர் 400 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் குழாயில் 500 தாமிரக் கம்பிக்கு 0.85 திறன் காரணியில் பயனுறு மின்மறுப்பு 1,000 அடிக்கு ஏறத்தாழ 0.043 ஓம். உண்மையில் ஓடும் சுமையான 1,200 ஆம்பியரை (900-உம் 300-உம்) ஐந்தாக வகுத்தால் ஓர் இணைக்கு 240 ஆம்பியர். 1.732, 240, 0.043, 0.4 ஆகியவற்றைப் பெருக்கினால் சுமார் 7 வோல்ட். 480-இல் ஒன்றரை சதவீதம். பிரச்சினை இல்லை. பெரிய ஃபீடர்களில் கம்பி ஏற்கெனவே பெரிதாக இருப்பதால், பல நூறு அடி தாண்டும்வரை வீழ்ச்சி பெரும்பாலும் தலையிடுவதில்லை.

குழாயின் அளவு

ஒவ்வொரு குழாயிலும் மூன்று ஃபேஸ் கம்பிகள், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் கம்பி ஆகிய ஐந்தும் சேர்ந்தே செல்ல வேண்டும். ஏ ஃபேஸ் எல்லாம் ஒரு குழாயில், பி ஃபேஸ் எல்லாம் இன்னொன்றில் என்று பிரித்தால் இணைப்பது எளிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழிப்பதற்கு அவை அருகருகே இருக்க வேண்டும். பிரித்துவிட்டால், வழியில் எஃகு வளைவோ எஃகுப் பெட்டியின் சுவரோ வருமிடத்தில் அந்த இரும்பு சூடேறும். பிளாஸ்டிக் குழாய்க்குச் சில நிபந்தனைகளோடு விதிவிலக்கு இருந்தாலும், புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இரண்டு கம்பிகளுக்கு மேல் செல்லும் குழாயின் உட்பரப்பில் 40 சதவீதம் வரையே நிரப்பலாம். டி.எச்.டபிள்யூ.என்-2 உறையோடு 500 கம்பியின் குறுக்குப் பரப்பு 0.7073 சதுர அங்குலம், நான்குக்கு 2.829. 4/0-க்கு 0.3237. மொத்தம் 3.153 சதுர அங்குலம். ஷெட்யூல் 40 பி.வி.சி. குழாயில் மூன்று அங்குலத்துக்கு அனுமதி 2.907, போதாது. மூன்றரை அங்குலத்துக்கு 3.895, போதும். நான்கு அங்குலத்துக்கு 5.022. விதிப்படி மூன்றரை போதுமென்றாலும் நான் நான்கையே எழுதுவேன். நான்கு அங்குலக் குழாயில் நிரப்பு 25 சதவீதம்தான். இழுப்பது எளிது, நாளை ஓர் அளவு பெரிய கம்பி வேண்டுமென்றாலும் இடமிருக்கும். வளைவுகளும் இடைவெளித் தாங்கிகளும் நான்கு அங்குலத்தில் எங்கும் கிடைக்கும். தரையிலிருந்து சுவரில் ஏறும் பகுதியில், அடிபடக்கூடிய இடமென்றால், தடித்த சுவருள்ள ஷெட்யூல் 80 வேண்டும். வெளிவிட்டம் ஒன்றேயானாலும் அதன் உட்பரப்பு குறைவு. நான்கு அங்குலத்தில் அனுமதி 4.503. நிரப்பை எப்போதும் வழியிலுள்ள மிகக் குறுகிய துண்டுக்கே கணக்கிடுங்கள்.

ஐந்து குழாய்கள் தேவையென்றால் ஆறு போடுங்கள். காலியான ஆறாவது குழாய்க்கு ஆகும் செலவு, பள்ளத்தை மறுபடி தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதன் இரு முனைகளையும் மூடி, உள்ளே ஒரு இழுகயிறு போட்டு வையுங்கள்.

மண் சொல்லும் தீர்ப்பு

இதுவரை சொன்ன கணக்கு ஒரு குழாயை மட்டும் பார்த்தது. 310.16 அட்டவணை, மூன்றுக்கு மேற்படாத சுமக்கும் கம்பிகள் உள்ள ஒரு குழாயை அடிப்படையாகக் கொண்டது. ஐந்து குழாய்கள் ஒரே பள்ளத்தில் நெருங்கிக் கிடக்கும்போது, ஒவ்வொன்றும் மற்றதைச் சூடாக்குகிறது. கம்பியில் பிறக்கும் வெப்பம் உறையைக் கடந்து, குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கடந்து, குழாய்ச் சுவரைக் கடந்து, மண்ணைக் கடந்து தரையின் மேற்பரப்பை அடைந்தால்தான் வெளியேறும். நடுவில் கிடக்கும் குழாய்க்கு அந்த வழி எல்லாப் பக்கமும் அண்டை வீட்டாரால் அடைக்கப்பட்டிருக்கிறது. 1957-இல் நெஹர், மெக்ராத் என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்ட கணக்கீட்டு முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. பொறியாளரின் மேற்பார்வையில் அந்த முறையைப் பயன்படுத்த நெறிமுறை அனுமதிக்கிறது. அதன் 'பி' பின்னிணைப்பு இந்த முறையில் கணக்கிட்ட அட்டவணைகளை வழிகாட்டுதலுக்காகத் தருகிறது.

அந்த அட்டவணைகளின் அனுமானங்களைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுக்கக் கூடாது. நிலத்தின் வெப்பநிலை 20 பாகை என்று கொள்ளப்படுகிறது. மண் வெப்பத்தைத் தடுக்கும் திறன், அதாவது வெப்பத் தடைமை, சராசரி மண்ணுக்கு 90 என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. ஈரமான கடலோர மண்ணுக்கு 60, பாறையும் மணலுமான வறண்ட மண்ணுக்கு 120, கான்கிரீட்டுக்கு 55. எண் குறைந்தால் வெப்பம் எளிதாக வெளியேறும். குழாய்களைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றுவதன் பயன் அடிபடாமல் காப்பது மட்டுமல்ல, சூட்டையும் கடத்திவிடுகிறது என்பது இதனால் புரியும். இன்னொரு விஷயம்: தொடர்ந்து சூடேறும் குழாயைச் சுற்றியுள்ள மண் மெல்ல மெல்ல ஈரத்தை இழக்கும், ஈரம் போனால் தடைமை ஏறும், தடைமை ஏறினால் சூடு இன்னும் கூடும். முதல் கோடையில் சரியாக இருந்த ஃபீடர் சில கோடைகளுக்குப் பிறகு வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சுமை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் முழுதாக ஓடுகிறது என்பதும் முக்கியம். பகலில் பத்து மணி நேரம் ஓடி இரவில் ஓயும் பட்டறைக்கு, மண் இரவில் ஆற நேரம் கிடைக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே சுமையில் ஓடும் தரவு மையத்துக்கு அந்த ஓய்வே கிடையாது. மூன்று குழாய்களுக்கு மேல் ஒரே பள்ளத்தில் போகின்றன, சுமையும் நாள் முழுதும் ஓடுகிறது என்றால், அட்டவணையோடு நிறுத்தாமல் வெப்பக் கணக்கைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதன் விடை பாதகமாக வந்தால் மூன்று வழிகள் உண்டு: குழாய்களை விலக்குவது, கம்பியைப் பெரிதாக்குவது, இணைகளைக் கூட்டுவது. முதலாவதே மலிவானது. பின்னிணைப்பின் வரைபடங்களில் குழாய்களின் மையத்திலிருந்து மையத்துக்கு ஏழரை அங்குலம் இடைவெளி காணப்படுகிறது. பிளாஸ்டிக் இடைவெளித் தாங்கிகளை ஆர்டர் செய்யும்போதே இந்த அளவைச் சொல்லிவிட வேண்டும். மூன்றுக்கு மூன்று என்று அடுக்குவதைவிட, இடம் இருந்தால் ஒரே வரிசையிலோ இரண்டு வரிசையிலோ பரப்புவது மேல். அப்போது நான்கு பக்கமும் அடைபட்ட குழாய் என்று ஒன்று இராது. தேவைக்கு மேல் ஆழமாகப் புதைப்பதும் சூட்டைக் கூட்டும்.

பள்ளமும் இழுப்பும்

பி.வி.சி. குழாய்க்கு மேலே குறைந்தது 18 அங்குல மண் வேண்டும். சாலை, வண்டிப் பாதை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றின் கீழே 24 அங்குலம். ஆழத்தைத் தரையின் இறுதி மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், தோண்டும் அன்றைய மட்டத்திலிருந்து அல்ல. கான்கிரீட் சூழாமல் 18 அங்குலமோ அதற்கு மேலோ ஆழத்தில் செல்லும் சர்வீஸ் கம்பிகளுக்கு மேலே குறைந்தது 12 அங்குல உயரத்தில் எச்சரிக்கை நாடா கட்டாயம். ஃபீடருக்கும் போட்டுவிடுங்கள், அடுத்துத் தோண்டுபவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. மண் அமிழும் இடங்களில், சுவரேறும் குழாயில் விரிவுப் பொருத்தி இல்லாவிட்டால் குழாய் பெட்டியைக் கீழே இழுத்துவிடும். கம்பி லக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கும் போகலாம்.

இரு இழுப்பு இடங்களுக்கிடையே வளைவுகளின் கூட்டு 360 பாகையைத் தாண்டக் கூடாது. அதாவது நான்கு 90 பாகை வளைவுகள். அனுமதி உண்டு என்பதால் நான்கையும் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். ஒரு வளைவைக் கடக்கும்போது இழுவிசை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.5 என்றால், ஒவ்வொரு 90 பாகை வளைவும் தன்னிடம் வந்த விசையை ஏறத்தாழ 2.2 மடங்காக்கும். அதனால்தான் எந்த முனையிலிருந்து இழுக்கிறோம் என்பது பெரிய வேறுபாட்டைத் தருகிறது. வளைவுகள் கம்பி உள்ளே நுழையும் முனைக்கு அருகில் இருந்தால், விசை சிறியதாக இருக்கும்போதே அவற்றைக் கடந்துவிடலாம். கடைசியில் இருந்தால், நீண்ட ஓட்டத்தில் ஏறிய விசை முழுவதும் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். தாமிரக் கம்பிக்கு ஒரு வட்ட மில்லுக்கு 0.008 பவுண்டு என்பது வழக்கமான உச்ச இழுவிசை. 500 கம்பி ஒன்றுக்கு 4,000 பவுண்டு. வளைவின் உட்சுவரில் உறை நசுங்காமலிருக்கத் தனி வரம்பும் உண்டு. அதைக் கம்பி தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதுவே முதலில் எட்டப்படும்.

நீண்ட இழுப்பில் பி.வி.சி. வளைவின் உட்புறத்தைக் கயிறு உராய்ந்து, சூடேற்றி, வாளால் அறுத்ததுபோல அறுத்துவிடும். கண்ணால் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். ஒருமுறை நாங்கள் வெளியே எடுத்த வளைவில் ஒரு விரல் நுழையும் அகலத்துக்கு நீண்ட பிளவு இருந்தது. அதன் வழியே மண் உள்ளே வந்து, பின்னால் வந்த கம்பியின் உறையை உப்புத்தாள்போலத் தேய்த்திருந்தது. அதற்காகவே வளைவுகளுக்கு மட்டும் எஃகோ கண்ணாடி இழையோ பயன்படுத்துகிறார்கள். எஃகு வளைவாக இருந்தால் அதன் எந்தப் பகுதிக்கும் மேலே 18 அங்குலத்துக்குக் குறையாத மண் இருப்பதை உறுதி செய்யுங்கள். இல்லையேல் அதை எர்த்தோடு இணைக்க வேண்டியிருக்கும்.

பள்ளத்தை மூடும் முன்பும், மூடிய பிறகும், குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய மாண்ட்ரல் உருளையை ஒவ்வொரு குழாயிலும் இழுத்துப் பாருங்கள். இறுக்கும் இயந்திரம் ஏறியதில் ஒரு குழாய் முட்டை வடிவமாகியிருந்தால், அது கம்பி இழுக்கும் நாளில் தெரிவதைவிட அன்றே தெரிவது நல்லது. கட்டடத்துக்குள் நுழையும் முனையை, கம்பிகள் போன பிறகு, அதற்குரிய அடைப்புப் பொருளால் மூட வேண்டும். குழாய் வழியே வரும் ஈரக்காற்று குளிர்ந்த ஸ்விட்ச்போர்டுக்குள் நீராகச் சொட்டும்.

கம்பிகளை லக்கில் பூட்டும் முன் ஒவ்வொன்றையும் 1,000 வோல்ட் மெக்கரால் (காப்புறையின் மின்தடையை அளக்கும் கருவி) சோதித்து எழுதி வையுங்கள். லக்குகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு, முறுக்குக் குறடால் இறுக்குங்கள். சுமை ஏறி ஒரு வாரம் கழித்து, ஐந்து இணைகளிலும் ஏ, பி, சி ஆகிய பதினைந்து ஃபேஸ் கம்பிகளையும் ஐந்து நியூட்ரல்களையும் கிளாம்ப் மீட்டரால் தனித்தனியே அளந்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரே ஃபேஸின் ஐந்து எண்களும் நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று விலகியிருந்தால் நீளத்தையும் லக்கையும் அன்றே பாருங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கதவைத் திறப்பவர் தம் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாளில் எண்கள் இருக்கும்.